மூன்று நிமிட விளக்கு

டண்டீயில், ஆற்றைப் பார்த்து இறங்கும் தெருவில்
எட்டு வீடுகளுக்கு ஒரே கல்படி.
உச்சி மாடியில் எல்ஸ்பெத் ரென்னி,
அவள் மகன் ஃபெர்கஸ்.
கீழே நான்.
அவளைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும்;
பேசியதுதான் இல்லை.

ஒரு பெரிய தொலைக்காட்சி படியேறிப் போனதை
கதவின் கண்துளை வழியே பார்த்தேன்.
இல்லாதவளுக்கு இவ்வளவு அகலமா என்று
கொதிக்கும் கெட்டிலைக் கேட்டேன்.
மாதக் கடைசியில் பைகளோடு டாக்சியில் வந்திறங்குவாள்.
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவன் நான்,
அதை எனக்கே செய்த அவமரியாதையாக
வரவு வைத்துக்கொண்டேன்.
பையனின் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய கேக்.
ஏன், வீட்டில் அடுப்பு இல்லையா?

அடுப்பு இருந்தது.

படிக்கட்டு விளக்கு விடிய விடிய எரிகிறது,
யார் வீட்டுக் காசு என்று
நகராட்சிக்குக் கடிதம் போட்டவனும் நான்தான்.
நான்கு மாதம் கழித்து ஒருவர் வந்து பொத்தான் பொருத்தினார்.
அழுத்தினால் மூன்று நிமிடம். பிறகு இருட்டு.
அன்றைக்கு என்னவோ
உலகத்தையே திருத்திவிட்டதுபோல் தூங்கினேன்.

ஜனவரி. மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் மாதம்.
வெளியே டக் என்றது.
கொஞ்ச நேரத்தில் மறுபடி டக்.
விளையாட்டுப் பிள்ளைகள், பிடித்துக் கொடுக்கலாமென்று
கதவைத் திறந்தேன்.

மூன்றாம் படியில் ஃபெர்கஸ்.
கோட்டு, குல்லா, விரல்நுனி வெட்டிய கையுறை,
மடியில் கணக்கு நோட்டு.
விளக்கு அணைந்தது.
அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுந்து
இருட்டிலேயே பொத்தானைத் தொட்டான்.
கை அவ்வளவு பழகியிருந்தது.

“வீட்டில் விளக்கு இல்லையா?”
“இருக்கு. மீட்டரில் காசு இல்லை.
வியாழக்கிழமை அம்மாவுக்குச் சம்பளம்.”
பிறகு, எனக்குப் புரியவில்லையோ என்று,
“போடுகிற காசில் பழைய கடனை முதலில் எடுத்துக்கொள்ளும்,
மிச்சத்தில்தான் விளக்கு” என்றான்.
பின்னக் கணக்குதான் நோட்டிலும்.

கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.
மலிவான கடை நகரத்தின் அந்தக் கோடியில்.
அங்கே போய்க்கொண்டிருந்தது என் பேருந்து.
நான் ஓய்வு பெற்ற வருடமே
அந்தத் தடத்தை நிறுத்திவிட்டார்கள்.
வாரத் தவணையில் வந்த தொலைக்காட்சியை
அக்டோபரில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியதையும்
அதே துளையில் பார்த்திருந்தேன்.
பார்த்ததை ஏன் எண்ணவில்லை?
ஏறியது மட்டும் எப்படி நினைவிருந்தது?

இருபது பவுண்டு நோட்டோடு இரண்டு மாடி ஏறினேன்.
அவள் கதவருகே ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் வேலையின்
நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.
தட்டப் போன கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு
இறங்கிவிட்டேன்.
கொடுக்கப் போகிறவனுக்குத்தான் படிகள் அதிகம்.

மறுநாள் சாயங்காலம்
என் கதவை விரியத் திறந்துவைத்தேன்.
மேசை விளக்கை வாசல்வரை இழுத்துவைத்தேன்.
“உள்ளே காற்றே இல்லை” என்றேன்,
பனி விழுந்துகொண்டிருந்தபோது.
பையன் ஒரு படி கீழே நகர்ந்து உட்கார்ந்தான்.
ஏழாவது கணக்கைத் தப்பாகப் போட்டான். சொல்லவில்லை.
எனக்கும் விடை நிச்சயமில்லை.

ஆறு மணிக்கு எல்ஸ்பெத் வந்தாள்.
விளக்கைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.
என் காலடியில் புது மிதியடியைப் பார்த்தாள்.
நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.
திட்டுவாளோ என்றும்.

“மிஸ்டர் லாக்ஹார்ட், உங்களுக்கென்ன பைத்தியமா?
சூடெல்லாம் படியில் போகிறது.
இப்படித் திறந்துவைத்தால்
ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகும் தெரியுமா?”

தெரியாது.
அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது தெரியாது.
அவள் சொன்னாள், பென்னி பிசகாமல்.
சொல்லிக்கொண்டே பையனை உள்ளே தள்ளி,
தானும் உள்ளே வந்து
கதவைச் சாத்தினாள்.

வெளியே விளக்கு அணைந்தது.
யாரும் எழுந்திருக்கவில்லை.